எதிர் வீட்டு ஜன்னலுக்குத் தெரியும் சுவர்

அஸ்டோரியா, ஒரிகன்
பிப்ரவரி 21, 2016

அன்புள்ள ஐலா அக்காவுக்கு,

தம்பி ரெய்னோ எழுதுகிறேன். நானும் வீடும் ஒருவாறு நிற்கிறோம். மழை மட்டும் நிற்கவில்லை. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? சிறைச் சலவைக்கூடத்தில் ஈர மூட்டையை நீயே தூக்காதே, இருவராகத் தூக்குங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நன்னடத்தை அதிகாரி ப்ரூயிட் அம்மா நம் வீட்டைப் பார்க்க வந்திருந்தார். அக்டோபர் 15 அன்று நீ விடுதலையாகிறாய், தங்கப்போகிற வீடு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். கீழே எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், மாடியில் உன் அறையில் நின்றுவிட்டார். கட்டிலுக்கு மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மழை வெளிய பெஞ்சாத்தான் சார் வீடு. உள்ள பெஞ்சா அதுக்குப் பேரு வேற" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினார்.

கூரை இரண்டு பக்கமும் சரிந்து இறங்க, நடுவில் தெருவைப் பார்த்து முக்கோணமாக நிற்கிறதே ஒரு சுவர், அதுதான் குற்றவாளி. அதில் அடித்திருக்கும் தேவதாரு மர ஓடுகள் உளுத்துவிட்டன. மிச்சத்தை மரங்கொத்தி பார்த்துக்கொண்டது. எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று ஓட்டை. தினமும் காலை ஆறு மணிக்கு வந்துவிடுகிறது. நான் கூட வேலைக்கு அவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை.

அக்டோபருக்குள் சுவர் சரியாகாவிட்டால் உன்னை யூஜீனில் ஒரு விடுதியில் ஒன்றரை வருடம் வைப்பார்களாம். விடமாட்டேன். ஜூனில் பள்ளிக்கூடம் மூடியதும் நான் ஓட்டும் பள்ளி பஸ்ஸுக்கும் விடுமுறை. நானே செய்யப்போகிறேன். ப்ரூயிட் அம்மா இன்னொன்றும் கேட்டார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எதிர் வீட்டார் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டவே யோசிக்கும் உன் தம்பி,
ரெய்னோ


மார்ச் 13, 2016

அன்புத் தம்பி ரெய்னோவுக்கு,

நான் சுகம். முதுகும் சுகம் என்று சொல்லச் சொல்கிறது. உன் ரத்த அழுத்த மாத்திரையை வேளைக்கு எடுத்துக்கொள்கிறாயா?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். தொலைபேசியில் பேசினால் பின்னால் வரிசையில் நிற்பவள் பெருமூச்சு விடுவாள். கடிதம் என்றால் வைத்து வைத்துப் படிக்கலாம். எனக்காக நீ ஏணி ஏறப்போகிறாய் என்று படித்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. உனக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும் தம்பி. யாராவது வேலை தெரிந்தவரைப் பிடி. நீ விழுந்து வைத்தால் அதையும் என் கணக்கில்தான் எழுதிக்கொள்வேன்.

எதிர் வீட்டைப் பற்றி "இருக்கிறார்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். எனக்கு அதற்கு மேல் கேட்க உரிமையில்லை. தங்கச்சி மகள் கல்யாணத்தில் குடித்துவிட்டு வண்டியை எடுத்தது நான். நம் தெருவிலேயே, அவர் வீட்டு வாசலிலேயே ஹால்வரை இடித்தது நான். முப்பது வருடம் சாரத்தில் ஏறி ஊர் முழுக்கச் சுவருக்கு ஓடு அடித்தவருக்கு, இப்போது ஒரு முழங்கால் மடங்காது. அவருக்கு ஒரு வரி எழுதக் கூடாது, யார் மூலமும் சொல்லி அனுப்பக் கூடாது என்பது நீதிமன்ற உத்தரவு. 'மன்னித்துவிடுங்கள்' என்பதையும் சேர்த்துத்தான்.

சில நாள் அந்த உத்தரவு எனக்கு வசதியாகக்கூட இருக்கிறது. அதையும் உன்னிடம் ஒளிக்கவில்லை.

உன் நலத்தையே நினைத்திருக்கும் அக்கா,
ஐலா


மே 29, 2016

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாத்திரை சாப்பிடுகிறேன். நீ சொன்னபடி ஆள் தேடினேன். ஒருவர் அடுத்த வருடம் என்றார், ஒருவர் தொலைபேசியையே எடுக்கவில்லை, மூன்றாமவர் வந்து சுவரை அண்ணாந்து பார்த்து விசிலடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே வேலை என் தலையில். மரம் வேண்டாம் என்று முடிவு. நார் கலந்த சிமென்ட் ஓடு வாங்கிவிட்டேன். பார்க்க மர ஓடு மாதிரியே ரேகை போட்டிருக்கிறது. உளுக்காது, தீப்பிடிக்காது. கடைக்காரரிடம், "மரங்கொத்தி கொத்துமா?" என்று கேட்டேன். "ஒரே ஒரு தடவை கொத்தும்" என்றார்.

சனி, ஞாயிறுகளில் பழைய ஓடுகளைப் பிடுங்கி, உளுத்த பலகைகளை மாற்றி, தண்ணீர் தடுக்கும் தாளைச் சுற்றி ஒட்டியாயிற்று. வீடு இப்போது தலையில் கட்டுப் போட்ட நோயாளி மாதிரி நிற்கிறது. சாரம் வாடகைக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் மூடியதும் ஓடு அடிக்கத் தொடங்குகிறேன். மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும், அவ்வளவுதானே? எத்தனை மீன் உரித்திருக்கிறேன்!

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ரெய்னோ


ஜூன் 26, 2016

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? எனக்கு உடம்பு முழுக்க வலி, ஆனால் சந்தோஷமான வலி. நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதே.

மூன்று நாள் பாடுபட்டு நாலு வரிசை அடித்தேன். அழகாக, பஸ்ஸில் சீட் போட்ட மாதிரி, ஒன்றுக்கு நேர் மேலே ஒன்று. நாலாவது வரிசை முடித்துக் கீழே பார்க்கிறேன், தெருவில் ஒரு ஆள் நின்று கத்துகிறார்.

"ஏம்பா! கீழ எறங்கு! அதைப் பாக்கச் சகிக்கல!"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"ஜாயிண்டு மேல ஜாயிண்டு வச்சிருக்கியே, தண்ணி எறங்க ரோடு போட்டுக் குடுத்திருக்க! கீழ் வரிசை ஜாயிண்டுக்கும் மேல் வரிசைக்கும் ரெண்டு இஞ்சாவது தள்ளி வரணும்யா. மொத வரிசை சரியான சாய்வுல நிக்க அடியில பட்டி வச்சியா?"

"என்ன பட்டி?"

அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். "மொத கோணல் முற்றும் கோணல். எல்லாத்தையும் பிடுங்கு" என்றார்.

பிடுங்கினேன் அக்கா. நாலு வரிசையும். மறுநாள் அவர் தன் சாமான்களோடு வந்துவிட்டார். ரசமட்டம், நூல், ஓடு வெட்டும் பெரிய கத்தரி எல்லாம் அவருடையது. அவர் ஏணி ஏறுவதில்லை. கீழே உட்கார்ந்து அளந்து வெட்டிக் கொடுப்பார், மேலே நான் அடிப்பேன். "ஆணித் தலை ஓட்டைத் தொட்டு நிக்கணும். உள்ள எறங்கிச்சுன்னா ஓடு விரியும், வெளிய நின்னா மேல் வரிசை தூக்கும்" என்று ஒவ்வொரு ஆணிக்கும் கீழிருந்து சத்தம். சத்தத்தை வைத்தே எந்த ஆணி தவறு என்று சொல்லிவிடுகிறார்!

கூலிப் பேச்சை எடுத்தேன். முறைத்தார். விட்டுவிட்டேன்.

அன்புடன்,
ரெய்னோ


ஜூலை 10, 2016

அன்புத் தம்பிக்கு,

வலிக்குச் சூடான நீராவிக் குளியல் எடு. நான் நன்றாக இருக்கிறேன்.

உன் நாலு வரிசைக் கதையைச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மடித்த துணியெல்லாம் கலைந்தது, அவ்வளவு சிரிப்பு. ரமோனா என்பவளின் அப்பா கூரை வேலைக்காரர். "பட்டி வைக்கலியா, அய்யய்யோ!" என்று தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

யார் அந்தப் புண்ணியவான்? பெயரைக்கூட எழுதவில்லையே நீ. வேலை முடிந்து அக்கடாவென்று உட்காரவேண்டிய நேரத்தில் முன்பின் தெரியாத ஒருத்தியின் அறைக்குச் சுவர் வைத்துத் தருகிறார். நான் யார், எங்கிருந்து வரப்போகிறேன் என்று அவருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் சொல்லிவிடு. அப்புறம் தெரிந்து அவர் வருத்தப்படக் கூடாது. தெரிந்தும் செய்கிறார் என்றால் அவர் கையைப் பிடித்து நான் நன்றி சொன்னதாகச் சொல். ராத்திரி படுக்கும்போது தினமும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

அவருக்கு நல்ல சாப்பாடு போடு. உன் சூப்பைக் கொடுத்து விரட்டிவிடாதே.

அன்பு அக்கா,
ஐலா


ஜூலை 31, 2016

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சூப்பைக் குறை சொல்லாதே, அவர் இரண்டு கிண்ணம் குடித்தார். பேச்சு மட்டும் குறைவு.

உன்னைப் பற்றி அவருக்குத் தெரியும். உன் நன்றியைச் சொல்வது பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

பதினோரு வரிசை ஏறியாயிற்று. இப்போது இரண்டு ஓரமும் உள்ளே சரிய ஆரம்பித்துவிட்டதால் ஒவ்வொரு வரிசையின் கடைசி ஓட்டையும் கூரைச் சரிவுக்குத் தக்கபடி வெட்ட வேண்டும். நான் கோணத்தைக் கணக்குப் போட்டு ஒரு தாள் முழுக்கக் கிறுக்கினேன். அவர் வாளி மேல் நீட்டி வைத்திருந்த காலைக் கூட அசைக்காமல் ஒரு தகரத் துண்டைக் கேட்டார். "இதைக் கூரையோரத்துல வச்சு ஒரு கோடு இழுத்துட்டு வா, போதும்" என்றார். அந்தத் தகரம்தான் இப்போது எங்கள் அச்சு. ஆறு ஓடு பாழாக்கிய பிறகு எனக்கு இந்த ஞானம்!

மரங்கொத்தி வந்தது. ஒரே ஒரு தடவை கொத்தியது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

அன்புடன்,
ரெய்னோ


செப்டம்பர் 4, 2016

ரெய்னோ,

உன் கடிதம் வந்தது. பதில் எழுத முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

காலை மடக்க முடியாதவர்தான் வாளி மேல் நீட்டி வைப்பார். ஆணியடிக்கும் சத்தத்தை வைத்தே தப்பைச் சொல்கிறவர் நம் ஊரில் ஒருத்தர்தான். நான் ஒரு மாதமாக அவரையா நினைத்துக்கொண்டு படுத்தேன்? பெயர் தெரியாத புண்ணியவான் என்று?

நான் இடித்தவர் கையால் எனக்குச் சுவர். அதற்கு உள்ளே நான் எப்படித் தூங்குவேன் சொல். காலையில் திரையை விலக்கினால் எதிரே அவர் வீடு. நான் ப்ரூயிட் அம்மாவுக்கு எழுதப்போகிறேன். யூஜீன் விடுதிக்கே போகிறேன். அவர்களாவது என் முகத்தைப் பார்க்காமல் நிம்மதியாக இருக்கட்டும். அவர்களுக்கு நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

நீ பட்ட பாட்டுக்கு என்னை மன்னித்துவிடு.

ஐலா


செப்டம்பர் 12, 2016

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலை இல்லை, ஆனாலும் கேட்கிறேன்: நலமா?

ப்ரூயிட் அம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். சிறையில் உங்கள் கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள், ஹால்வர் பெயர் வந்தால் பழி உன் மேல் விழுமோ என்று பயந்துதான் மறைத்தேன். இனி மறைக்க ஒன்றுமில்லை.

பிப்ரவரியில் ப்ரூயிட் அம்மா இன்னொன்றும் கேட்டார் என்றேனே. நீ இந்தத் தெருவுக்குத் திரும்பி வருவதில் ஆட்சேபம் உண்டா என்று ஹால்வர் எழுதித் தர வேண்டும். படிவத்தை அவர் வீட்டில் கொடுத்தார்கள். அது குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்கு அடியில் ஆறு மாதம் தொங்கியது. சுவர் முடிந்தாலும் அவர் 'கூடாது' என்று எழுதினால் நீ வர முடியாது. எனக்கு இது தெரியும். தெரிந்துதான் ஓடு அடித்தேன்.

ஜூனில் அவர் தெருவில் நின்று கத்தினார் என்றேன். மீதியை இப்போது சொல்கிறேன். ஊன்றுகோலைத் தரையில் குத்திக்கொண்டு சொன்னார்: "ரெண்டரை வருஷமா சமையக்கட்டு ஜன்னல்ல உக்காந்து உங்க வீட்டைப் பாக்குறதுதான் என் பொழப்பு. நான் நொண்டுறதுக்கு உங்க அக்கா காரணம், சரி. இந்தச் சுவத்துக்கு யாருப்பா காரணம்? கால் போச்சு, கண்ணும் போகணுமா எனக்கு?"

நான் இறங்கி வந்து, "இது ஐலாவோட ரூம் ஹால்வர். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

"எது எவ ரூமுன்னு எனக்குத் தெரியாதா? அவள மன்னிச்சிட்டியான்னு மட்டும் கேக்காத. எனக்கே தெரியல. பட்டியை வெட்டு" என்றார்.

அவர் மனைவி ஜோரீன் இரண்டு வாரம் அவரிடம் பேசவில்லை. நான் போய்க் கதவைத் தட்டினால் திரும்பி உள்ளே போய்விடுவார். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் காலை நம் வாசற்படியில் பெயிண்ட் கடை வண்ண அட்டை ஒன்று கிடந்தது. ஒரு சாம்பல் நீலத்தைப் பேனாவால் வட்டமிட்டு, "மஞ்சள் அடித்துத் தொலைக்காதே. பாத்திரம் கழுவும்போது பார்க்க வேண்டியவள் நான்" என்று எழுதியிருந்தது. நான் மஞ்சள்தான் வாங்கி வைத்திருந்தேன். அன்றே போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

போன சனிக்கிழமை உச்சியில் கடைசி முக்கோண ஓடு ஏறியது. ஹால்வர் தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். அப்புறம் வீட்டுக்குள் போய்ப் படிவத்தை எடுத்து வந்து என் சாரத்துப் பலகை மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். 'ஆட்சேபம் இல்லை.'

"நெசமாவா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆளு வரக்கூடாதுன்னா நான் எதுக்குய்யா தண்ணி எறங்காம பாத்துப் பாத்து வெட்டுனேன்? மரங்கொத்திக்கா?"

அக்கா, நீ வராமல் இருப்பது அவர்களுக்குச் செய்யும் நல்லது என்று நினைக்கிறாய். அவர்கள் பார்க்கப்போவது காலியான ஒரு ஜன்னலை. அவர்களிடம் நீ ஒன்றும் கேட்கவில்லை, அவர்களாகக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கும். கூச்சத்தோடு வாங்கிக்கொள். ப்ரூயிட் அம்மாவுக்கு நீ எழுதும் கடிதத்தைக் கிழித்துப் போடு.

காத்திருக்கும் தம்பி,
ரெய்னோ


செப்டம்பர் 23, 2016

அன்புத் தம்பி ரெய்னோவுக்கு,

நலம். நிஜமாகவே நலம்.

கிழித்துவிட்டேன். ஒட்டி, தபால்தலைகூட வைத்திருந்தேன். உன் கடிதம் வந்த அன்று மூட்டை மூட்டையாக விரிப்புகள் வந்திருந்தன. அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். ரமோனா என் பங்கையும் சேர்த்து மடித்துவைத்தாள், ஒரு கேள்வி கேட்கவில்லை.

நீ சொன்னது சரி. யூஜீன் அவர்களுக்காக இல்லை, எனக்காக. அங்கே போனால் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். ஜோரீன் பாத்திரம் கழுவும்போது பார்ப்பதற்கென்று ஒரு நிறம் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்த அட்டையை நினைத்து அழுததுபோல நான் தீர்ப்பு வந்த அன்றுகூட அழவில்லை. எவ்வளவு நல்லவர்கள் மேல் வண்டியை விட்டிருக்கிறேன் ரெய்னோ. அதற்கப்புறமும் எனக்குக் கிடைப்பதெல்லாம் இவ்வளவு நல்லதாக இருக்கிறது.

என் நன்றியை அவரிடம் சொல்லாதே. சொன்னால் உத்தரவை மீறியதாகும். என்னிடமே இருக்கட்டும். உனக்குச் சொல்லத் தடையில்லை, ஆகவே சொல்கிறேன்: நீ பிடுங்கிய நாலு வரிசைக்கும், அப்புறம் அடித்த எல்லா வரிசைக்கும் நன்றி.

15ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு வாசலில் விடுவார்கள். என் பழைய கோட்டு கொண்டு வா.

வீட்டுக்கு வரும் அக்கா,
ஐலா


அஸ்டோரியா
நவம்பர் 9, 2016

ஐலாவுக்கு,

எதிர் வீட்டு ஹால்வர் க்வாமே எழுதுவது. நாங்கள் சுகம். முழங்காலுக்கு மழை வருவது முன்கூட்டியே தெரிகிறது, அந்த மட்டும் லாபம்.

இதோடு ஒரு தாள் இருக்கிறது. நீ எங்களோடு பேசக் கூடாது என்ற உத்தரவை நீக்கச் சொல்லி நானும் ஜோரீனும் மனு கொடுத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை நீக்கிவிட்டார்கள். தாளை வைத்துக்கொள், யாராவது கேட்டால் காட்டலாம்.

நீ வந்து மூன்று வாரமாகப் பின்வாசல் வழியாகவே போய் வருகிறாய். குப்பையைக்கூட விடிவதற்கு முன்பே வைக்கிறாய். எங்கள் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரியும். வாசல் வழியாக நடக்கலாம்.

சுவரில் இடது பக்கம் ஏழாவது வரிசையில் ஓர் ஓடு தலைமுடியளவு சாய்ந்திருக்கிறது. உன் தம்பியின் வேலை. பார்த்தும் விட்டுவைத்தேன். சில நாள் காலையில் வலியோடு எழுந்தால் யார் மேலாவது எரிந்து விழ வேண்டும்போல் இருக்கும். அன்றைக்கு அந்த ஓட்டைத் திட்டிக்கொள்கிறேன். உன்னைத் திட்டும் நாளும் உண்டு, பொய் சொல்லமாட்டேன். இப்போது ஓட்டின் முறைதான் அதிகம் வருகிறது.

நார்வேக்காரர்கள் எங்களுக்கு ஒரு பழக்கம். யாரையாவது மறுபடி பார்த்தால் வணக்கத்துக்குப் பதிலாக, 'போன தடவைக்கு நன்றி' என்போம். கடைசியாகச் சேர்ந்து உட்கார்ந்ததற்கு நன்றி என்று அர்த்தம். மீன் கடையில் பார்த்தாலும் அதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவோம், சொல்லாவிட்டால் எங்களுக்குப் பேச்சே வராது. போன வாரம் தபால்பெட்டியருகே நீ நின்றாய். நான் வாயைத் திறந்தேன், சொல்ல முடியவில்லை. நம்முடைய போன தடவை எது என்று உனக்கும் தெரியும். உள்ளே வந்து ஜோரீனிடம் சொன்னேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் மாவு இருக்கிறதா என்று பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு வா. சூடான வாஃபிள் அப்பமும் ஜாமும் இருக்கும். ஜோரீன் அதிகம் பேசமாட்டாள், நீயும் பேச வேண்டாம். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால் ஆறிவிடும், சாப்பிடு போதும். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போ.

திங்கட்கிழமை தெருவில் பார்த்தால் 'போன தடவைக்கு நன்றி' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

ஹால்வர்